சுவரோரத்து வளைவு

ஆரணி என்று சொன்னால் போதும், கேட்டவர் முகத்தில் பட்டு வந்துவிடும். சென்னையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளும் அப்படித்தான். நிறுவனத்தின் தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்ப வீட்டுல தறி இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சொந்தக்காரர்கள் வீட்டில்? அங்கும் இல்லை. அம்மா ரைஸ் மில் களத்தில் நெல் கிளறுகிறாள், அப்பா அதே மில்லில் மூட்டை தூக்குகிறார் என்றேன். அவர் முகம் லேசாக வாடியது. ஆரணியில் பிறந்துவிட்டு ஒரு தறிகூட இல்லாமல் வந்து நிற்பது என்னுடைய கவனக்குறைவு என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள் வேறு, எங்கள் தெரு வேறு. எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது மில்லின் சாம்பல். நெல்லை அவிப்பதற்குக் கொதிகலனில் உமியைப் போட்டு எரிப்பார்கள். காற்று எங்கள் பக்கம் திரும்பும் நாளில் அந்த உமிச் சாம்பல் கொடியில் காயும் துணிகள் மேல் கருப்பாக வந்து உட்காரும். என் பள்ளிக்கூடச் சட்டையை அம்மா உதறித்தான் கொடுப்பாள். தட்டக் கூடாது. தட்டினால் இழையில் ஏறிக் கறையாகிவிடும். பொறியியலில் நான் கற்ற முதல் பாடம் அதுதான் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். கைதட்டினார்கள். அதற்குப் பிறகு எல்லாக் கூட்டத்திலும் சொன்னேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கல்லூரியில் சேரும்போது முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அதற்காக அம்மா களத்து வேலையை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை நடந்தாள். சான்றிதழ் கைக்கு வந்ததும், "இதுல உன் பேரு எது?" என்று கேட்டாள். காட்டினேன். எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வடிவத்தை மனத்தில் வாங்கிக்கொண்டாள். பிறகு ரேஷன் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் என் பெயர் இருக்கும் இடத்தை அவளே கண்டுபிடித்துக் காட்டுவாள். தமிழில் இருந்தால்.

கட்டடப் பொறியியல் படித்தேன். படம் வரைவதும் பிடிக்கும். படம் வரைந்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்காதவர்கள் கிடையாது. அதனால், கழிவிலிருந்து கட்டுமானப் பொருள் செய்யும் அந்த நிறுவனம், 'எங்களிடம் பொறியாளரும் கலைஞரும் ஒரே மேசை' என்று விளம்பரம் கொடுத்தபோது எனக்காகவே எழுதியது போல இருந்தது. மேசை ஒன்றுதான், உண்மை. அதற்கு இரண்டு பக்கம் உண்டு என்பது போன பிறகுதான் தெரிந்தது. ஒரு பக்கம் கலைக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்கள். அவர்களுக்குப் பெயர் வடிவமைப்பாளர்கள். இன்னொரு பக்கம் ஆய்வகம். ஆய்வகம் என்றால் நானும் ஒரு கலவை இயந்திரமும்.

உமிச் சாம்பலில் தரை டைல் செய்யலாம் என்று சொன்னது நான். சிமென்ட்டில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் அரைத்த சாம்பலைச் சேர்க்க வேண்டும். சூளை வேண்டாம், சாயம் வேண்டாம். மழை மேகத்தின் கருஞ்சாம்பல் நிறம் தானாகவே வரும். எங்கள் தெருவில் அத்தனை பேரும் திட்டித் தீர்த்த பொருளை எடுத்துப் பட்டணத்துப் பணக்காரர்களின் கூடத்தில் பதிக்கப் போகிறேன் என்கிற எண்ணமே எனக்கு இனித்தது. பழிவாங்குவது போல ஓர் இனிப்பு.

ஆனால் டைல் விரிசல் விட்டது. அரைகுறையாக எரிந்த சாம்பல் தண்ணீரை அதிகமாகக் குடிக்கும். காயும்போது மயிரிழை மாதிரி விரிசல் ஓடும். கால் வழுக்காமலிருக்க மேலே நேர்நேராகப் பள்ளக்கோடு போட்டுப் பார்த்தேன். விரிசல் அந்தக் கோட்டையே பாதையாகப் பிடித்துக்கொண்டு ஓடியது. நாலு மாதம் இப்படியே போனது. ஒரு மதியம், அலுத்துப்போய், ஈரக் கலவையில் விரலால் சும்மா இழுத்துக்கொண்டிருந்தேன். கோடுகள் பக்கம் பக்கமாகப் போய், ஓரிடத்தில் எல்லாமாகச் சேர்ந்து வளைந்து, வந்த திசையிலேயே திரும்பின. அம்மா காலால் நெல் கிளறிய களம் மாதிரி இருந்தது. அப்படியே இறுகவிட்டுத் தண்ணீரில் ஊறப் போட்டேன். அந்த டைல் விரிசல் விடவில்லை. அதே மாதிரி இன்னும் ஐந்து போட்டேன். ஐந்தும் நின்றன. நேர்கோட்டில் ஓடிவரும் விரிசல் வளைவுக்கு வந்ததும் அதைத் தாண்ட முடியாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. அழகும் கணக்கும் ஒரே கோட்டில் சேர்ந்து வந்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

இதை நான் காகிதத்தில் வரையவில்லை. தேதி போட்டுக் கையெழுத்து வைக்கவில்லை. மேசையின் மறுபக்கத்து வடிவமைப்பாளர் அம்மாள் ஆய்வகத்துக்கு வந்தார், டிரேக்களைப் பார்த்தார். "இது நல்லா இருக்கே, என்ன இது?" என்றார். "எங்க அம்மா நெல் கிளறுற களம் இப்படித்தாங்க இருக்கும்" என்றேன். போனில் நாலு படம் எடுத்துக்கொண்டு போனார். பதினைந்து நாளில் என் விரல் கோடு கம்ப்யூட்டரில் மழமழவென்று வந்துவிட்டது. கீழே வடிவமைப்பு என்று போட்டு அவர் பெயர் இருந்தது. அவர் திருடினார் என்று சொல்ல முடியாது. ஆய்வகக்காரி விரலால் இழுத்தது தற்செயல், அதைக் கண்டுபிடித்த கண் தன்னுடையது என்று அவர் மனதார நம்பினார். அதனால்தான் அவரிடம் சண்டைகூடப் போட முடியவில்லை.

தலைவரிடம் போனேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த டைலின் அட்டையில் வடிவமைப்பு என்ற சொல்லுக்கு எதிரே என் பெயர் வர வேண்டும்.

"கலவை உங்களுது, லுக் அவங்களுது. ரெண்டு பேரும் சேர்ந்துதானே?" என்றார்.

"லுக்கும் என்னுதுதான் சார். எங்க அம்மா காலால நெல் கிளறுற களத்துலேர்ந்து வந்தது."

அவர் கண்கள் விரிந்தன. முதல் நாள் தறி இல்லை என்று கேட்டு வாடிய அதே முகம். "அம்மாவோட கால் தடமா? இதை ஏம்மா முதல்லயே சொல்லல? போய் ஒரு வீடியோ எடுத்துடுவோம். களத்தைப் பார்த்தாலே யார் டிசைன்னு எல்லாருக்கும் புரிஞ்சிடும். அப்புறம் உங்க பேர்தான்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. களம் சாட்சி சொல்லும் என்று நம்பினேன்.

அன்று சாயங்காலமே அம்மாவுக்குப் போன் போட்டேன். மில் முதலாளியிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது, படம் பிடிக்க வருகிறோம் என்றேன்.

"எனுக்கு இன்னா தெரியும் பாப்பா? நான் எதுனா தப்பு பண்ணிட்டா உனுக்கு பேஜாராயிடப் போவுது."

"ஒண்ணும் இல்லம்மா. எப்பவும் போல நெல்லக் கிளறு, அது போதும்."

எதற்காகப் படம், எந்த டைல், எந்தக் கோடு என்று எதையும் நான் அவளிடம் சொல்லவில்லை. டைலைக் காட்டவும் இல்லை. என் பெயர் பதித்த அட்டையோடு, மார்க் ஷீட் மாதிரி, முடிந்த பொருளாகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று இருந்தேன். பாதியில் காட்டினால் அவளுக்கு என்ன புரியும் என்ற நினைப்பும் இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

ஆரணிக்கு வேனில் போனோம். தலைவர், வடிவமைப்பாளர், கேமராக்காரர், நான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவித்த நெல்லைக் கொட்டிப் பரப்பி முடித்திருந்தார்கள். ஆவியும் புளித்த வாடையும் அடங்கவில்லை. மில் முதலாளி வெள்ளைச் சட்டையோடு நின்றார். பக்கத்தில் மேஸ்திரி, அன்றைக்கு மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு. வேனிலிருந்து வடிவமைப்பாளர் ஒரு பையை எடுத்தார். உள்ளே பட்டுப் புடவை. ஆரணிப் பட்டு, மாம்பழ நிறம், அரக்கு பார்டர்.

"களத்துல யாரும் பட்டுக் கட்ட மாட்டாங்க மேடம்" என்றேன்.

"தெரியும். ஆனா ஆரணின்னு ஒரு பார்வையிலேயே தெரியணும் இல்லையா?" என்றார்.

அம்மா உமி கொட்டும் கொட்டகைக்குள் போய் அதைக் கட்டிக்கொண்டு வந்தாள். களத்துப் பெண்கள் நெல் தள்ளும் பலகையைக் கீழே போட்டுவிட்டார்கள்.

"இன்னா மே இது, களத்துல முகூர்த்தமா?"

"மாப்ள எங்க மே? கொதிகலன்ல வேவுறாரா?"

"தோ மூட்டை தூக்கிகினு வராரு பாரு, பழைய மாப்ள."

"சும்மா கெடங்கடி, எம் பொண்ணு ஆபீஸ்காருங்க" என்று அம்மா அதட்டினாள். சிரிப்பை அடக்க முடியாமல்தான் அதட்டினாள். அவள் கல்யாணத்துக்குக்கூடப் பட்டு கட்டியதில்லை. என் பக்கம் வந்து மெல்லக் கேட்டாள்: "இத்த திருப்பிக் குடுத்துடணுமா?"

"ஆமாம்மா."

"அப்ப தூக்கி சொருவிக்கிறேன். நெல்லுத் தண்ணி பட்டா கறை போவாது."

கரண்டைக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினாள். நெல் கிளறுவதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். காலைத் தூக்கி நடப்பதில்லை. பாதத்தைத் தரையோடு தட்டையாக வைத்து, சூட்டோடு சூடாக, ஒரு காலுக்கு முன்னால் ஒரு காலாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். நெல் இரண்டு பக்கமும் ஒதுங்கி வரப்பாகும். நடுவில் வாய்க்கால் போலத் தடம் விழும். அம்மா ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனாள். அளவுகோல் வைத்துப் போட்டது மாதிரி ஒரே கோடு. சுவரோரம் போனதும் நின்றாள். காலை நெல்லிலிருந்து பதமாகத் தூக்கினாள். திரும்பினாள். தள்ளி வைத்தாள். அடுத்த கோட்டை ஆரம்பித்தாள். அதுவும் நேர்கோடு. அடுத்ததும். வளைவு ஒன்றுகூட இல்லை.

வடிவமைப்பாளர் கையிலிருந்த டேப்லெட்டில் டைலின் படத்தையும் களத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "எல்லாம் ஸ்ட்ரெயிட் லைனா இருக்கே" என்றார்.

"சுவரோரம் வளையும் மேடம்."

"வளையலையே" என்றார். குத்தலே இல்லாத குரல்.

நான் ஓடிப்போய் அம்மாவிடம், "கால தூக்காத. எப்பவும் எப்படித் திரும்புவியோ அப்படியே வளைஞ்சி திரும்பு" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மேஸ்திரியைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் எப்ப பாப்பா வளைச்சித் தள்ளினேன்?" என்றாள். "மேஸ்திரி, நீங்களே சொல்லுங்க. என் வரிசை எப்பனா கோணிகினு போயிருக்குதா?"

காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தப் பெண்களைக் கோணல் கோணல் என்று திட்டுவதையே வேலையாக வைத்திருந்த மேஸ்திரி, முதலாளி பக்கத்தில் நிற்க, கைகட்டிக்கொண்டு சொன்னார்: "எங்க களத்துல கோணலே கெடையாதுங்க. எல்லாம் ஸ்கேலு வெச்சாப்ல இருக்கும்."

"ஆமாமா, ஸ்கேலு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளி திருப்தியாகத் தலையாட்டினார்.

எனக்கு என் ஞாபகத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் உட்காருவது அந்தக் களத்தின் மேற்குச் சுவர் மேல். பை மடியில். கீழே இறங்கக் கூடாது. "எறங்கின, கால ஒடைச்சிடுவேன்" என்பாள் அம்மா. இந்த நெல்லில் உன் கால் படக் கூடாது என்பதற்காகத்தான் படிக்க வைக்கிறேன் என்று அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் கேட்டிருக்கிறேன். என் கால் அதில் பட்டதே இல்லை. கூட்டங்களில் மட்டும் 'நான் களத்தில் வளர்ந்தவள்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வளர்ந்தது சுவர் மேல். சுவர் மேலிருந்து பார்த்தவள், களத்தில் நடந்தவளிடம் போய், உன் கோடு இப்படி இல்லை என்று எப்படி வாதாடுவது?

கரையேறி வந்ததும் அம்மா முகமெல்லாம் பெருமையாக, "ஒரு கோடு கோணல் இல்ல, பாத்தியா?" என்றாள். "பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினேன். புடவையை மடித்துப் பையில் வைக்கும்போது அவள் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை ஜன்னல் வழியாகக் கவனித்தேன். கறை படவில்லை.

ஆற்காடு தாண்டும்போது வடிவமைப்பாளர் சொன்னார்: "களம் கொடுத்தது நேர்கோடு. வளைவு நாம கொடுத்தது." தலைவர், "இதையே வீடியோல போட்டுடலாம்" என்றார். அந்த 'நாம'வுக்குள் நான் இருக்கிறேனா என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சொந்த அம்மாவே இல்லை என்று சொன்ன ஒன்றைக் கேட்டு வாங்குவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அப்போது நான் வைத்த பெயர் தன்மானம்.

டைல் வெளிவந்தது. அறிமுக விழாவில் மாம்பழ நிறப் பட்டில் அம்மா பெரிய திரையில் மெதுவாக நடந்தாள். முகம் தெரியவில்லை, பாதம் மட்டும். அதன் வெடிப்புகளை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் அட்டை. மூலம்: ஆரணிக் களத்துப் பெண்களின் பாரம்பரியம். வடிவமைப்பு: அவர் பெயர். தொழில்நுட்பம்: ஆய்வகக் குழு. பாரம்பரியம் என்றால் எவர் பெயரும் போட வேண்டியதில்லை என்பதை அன்று கற்றுக்கொண்டேன். ஆய்வகக் குழு என்றால் நானும் கலவை இயந்திரமும் என்று முன்பே சொல்லிவிட்டேன். அட்டைக்குப் பக்கத்தில் நின்று, எவ்வளவு தண்ணீர் குடிக்கும், எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்டவர்களுக்கு அன்று முழுக்கப் பதில் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன்.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை, மூலை உடைந்து ஒதுக்கிய ஒரு டைலைத் துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா தலையில் துண்டோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் குடுத்தாங்களா? கக்கூஸுக்குக்கூட பத்தாதே" என்றார் அப்பா.

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டைலை வாங்கினாள். வெயில் படும்படி சாய்த்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது செவுத்தோரம் பாப்பா."

"எது?"

"இந்தா, வளையுது பாரு. செவுத்தோரம் இது. நான் திட்டு வாங்குன எடம் எனுக்குத் தெரியாதா?" வளைவின் மேல் விரலை வைத்து ஓட்டினாள், சான்றிதழில் ஓட்டிய மாதிரி. "நீ செவுத்து மேல குந்திகினு எழுதிகினு இருப்பியா. அங்கியே கீறியா, வுழுந்து கிழுந்து வெச்சியான்னு உன்னப் பாத்துகினே திரும்புவேன். கால் தூக்க மறந்துடும். அப்டியே இழுத்துகினு வளைஞ்சி வந்துடும். வளைஞ்ச எடத்துல நெல்லு குமிஞ்சி நின்னுடும், காயாது. 'பொண்ணப் பாக்கறியா நெல்லப் பாக்கறியா'ன்னு மேஸ்திரி கத்திகினே கெடப்பான்."

"அன்னிக்குக் கேட்டேனேம்மா. எப்ப வளைச்சேன்னு கேட்டியே."

"மொதலாளி நிக்கிறாரு, உன் ஆபீஸ்காருங்க நிக்கிறாங்க. பொண்ண படிக்க வெச்சிட்டு இவ வேலையக் கோணலா செய்யறான்னு நெனைக்க மாட்டாங்க? உனுக்காவத்தான் பாப்பா அவ்ளோ நேராத் தள்ளினேன். இடுப்பு வுட்டுப்போச்சி." டைலை இன்னொரு தரம் பார்த்தாள். "இத்த ஒரு தபா காட்டியிருந்தா வளைச்சி நடந்திருப்பேனே. அது இன்னா பெரிய வேலையா?"

இல்லை. பெரிய வேலை இல்லை. ஒரு போட்டோ அனுப்பியிருந்தால் போதும். அவள் போனில் வாட்ஸ்அப் உண்டு. நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

அவள் டைலைப் புரட்டினாள். முதுகில் வட்டமாக எழுத்துகள் புடைத்திருந்தன. நிறுவனத்தின் பெயர், ஆங்கிலத்தில். விரல் அதன் மேல் ஒரு சுற்று வந்தது. தனக்குத் தெரிந்த வடிவம் எதுவும் அதில் தட்டுப்படாமல் நிமிர்ந்தாள்.

"இங்கிலீஷ்ல எழுதிக்கீது. உன் பேரா?"

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா" என்றேன்.

அம்மா எழுந்துபோய், டிவி பக்கத்து அலமாரியில், என் முதல் பட்டதாரிச் சான்றிதழைச் சட்டம் போட்டு வைத்திருக்கும் இடத்துக்கு அருகே அந்த டைலை நிறுத்தி வைத்தாள். எழுத்து வெளியே தெரியும்படி. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டி, எம் பொண்ணு பேரு என்று சொல்கிறாளாம். எங்கள் தெருவில் ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். யாராவது ஒருநாள் படித்துச் சொல்லிவிடுவார்கள். நான் இன்னும் அதே நிறுவனத்தில்தான் வேலை செய்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த அலமாரியைப் பார்க்காமல் தாண்டிப் போய்விடுகிறேன். டைல் அங்கேயேதான் இருக்கிறது. வளைவு சுவரைப் பார்த்து இருக்கிறது.